கீழே கிடப்பவை கணக்கில் சேரா

மேல்முகாம்
ஆகஸ்ட் 30

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே என்று இந்தத் தாளின் முதல் வரியிலேயே கேட்டுவிடுகிறேன். இரத்த அழுத்த மாத்திரையை நாள் தவறாமல் காலை ஏழு மணிக்கு விழுங்குகிறேன். தன் முழங்கால் வலி குறைந்திருப்பதாக உன் அண்ணி நகரத்திலிருந்து எழுதியிருக்கிறாள்.

இந்த முகாமில் தொலைபேசி இல்லை. இருந்தாலும் நான் கடிதம்தான் எழுதுவேன். தொலைபேசியில் என் பேச்சை இரண்டாவது வாக்கியத்திலேயே வெட்டிவிடுவாய். கடிதத்தை முடியும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஓக் கொட்டைக் கணக்கெடுப்பு நேற்று மாலை நான்கரை மணிக்கு நிறைவுற்றது. இது வனத்துறையில் எனக்கு இருபத்தாறாவது கணக்கெடுப்பு. மஞ்சள் எண் தீட்டிய அதே நூறு மரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நின்று, தொலைநோக்கியைத் தூக்கி, முப்பது விநாடிக்குள் கண்ணில் படும் கொட்டைகளை வாய்விட்டு எண்ண வேண்டும், பதிவாளர் குறித்துக்கொள்வார். சராசரி எட்டுக்குக் கீழே போனால் அது பொய்த்த ஆண்டு. இருபதைத் தாண்டினால் நல்ல ஆண்டு. இம்முறை சராசரி என்ன தெரியுமா? முப்பத்தொன்று. கடந்த ஒன்பது ஆண்டுகளில் இப்படி வந்ததில்லை. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, முகாமில் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்ப்பவன் போல நடமாடுகிறேன்.

காட்டில் நடக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. அறுபத்தொன்றாம் மரத்தடியில் கால் வைத்த இடமெல்லாம் கொட்டைகள் அப்பளம்போல நொறுங்கின. அணில், மான், காட்டுப்பன்றி, கரடி என அனைவருக்கும் குளிர்காலத்துக்கு வேண்டியது மரத்திலேயே தொங்குகிறது. வனக்காவலர் வேலையில் மாப்பிள்ளைக்கு இவ்வாண்டாவது ஓய்வு கிடைக்கும் என்று சொல். கரடி எதுவும் ஊருக்குள் இறங்கத் தேவையிருக்காது.

உன் சலவையகத்தின் புதிய கொதிகலன் ஒழுங்காக வேலை செய்கிறதா? எழுது.

உன் அண்ணன்

*

செப்டம்பர் 14

அன்பு அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நிற்காமல் நடக்கட்டும். கொதிகலன் நன்றாகத்தான் இருக்கிறது. மூடியைத் திறந்தால் மட்டும் என்னைத் திட்டுவதுபோலச் சீறுகிறது.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “முப்பத்தொண்ணா? மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும், சிரிக்காதீர்கள். இவர் ரோந்து போகும்போது கையில் கிடைப்பதையெல்லாம் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருவார் என்று உங்களுக்குத் தெரியும். துவைப்பதற்கு முன்பு நான்தான் பைகளைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். போன வாரம் மறந்துவிட்டேன். கோட்டைத் தொட்டியில் அமுக்கியதும் ஓக் கொட்டைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எல்லாமே மிதந்தன. இருபத்திரண்டு. நல்ல கொட்டை மூழ்கும், சொத்தைதான் மிதக்கும் என்று நீங்கள்தானே எனக்குச் சின்ன வயதில் வாளியில் போட்டுக் காட்டினீர்கள்? ஒன்றை வெட்டிப் பார்த்தேன். உள்ளே பருப்பே இல்லை. கறுப்புத் தூளும் ஒரு வெள்ளைப் புழுவும்தான்.

அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரை நினைவிருக்கிறதா? மெதுவாகப் பேசவே தெரியாதே, தெருவில் ஹாரன்காரர் என்போமே, அவர்தான். எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, புழுவுக்கும் சலவை பண்ணித் தர்றியா?” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

அரைக்காதி நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஏழு வருடத்துக்கு முன்னால் வெள்ளம் போன குழாய்க்குள் கம்பியில் காது மாட்டிக் கிடந்த கரடிக்குட்டியை இவர் கோட்டில் சுற்றி எடுத்தாரே, அவளேதான். இப்போது அவளுக்கே இரண்டு குட்டிகள். இந்த மாதத்தில் குண்டாகியிருக்க வேண்டும் அல்லவா? முதுகெலும்பு தெரிகிறது.

அன்புத் தங்கை

*

செப்டம்பர் 24

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். கழுத்து நேராகிவிட்டது. நகர அலுவலகத்துக்குத் திரும்பி ஐந்து நாட்கள் ஆகின்றன.

நீ கண்டது சரி; நீ எடுத்த முடிவு சரியல்ல. கூன்வண்டு என்றொரு பூச்சி உண்டு. நீண்ட மூக்கால் பிஞ்சுக் கொட்டையைத் துளைத்து முட்டையிடும். புழு விழுந்த கொட்டை சீக்கிரம் உதிரும். ஆகவே செப்டம்பர் தொடக்கத்தில் தரையில் கிடப்பவை பெரும்பாலும் சொத்தையாகவே இருக்கும். நல்லவை மரத்தில் இருக்கும். மாப்பிள்ளையின் கோட்டுப் பையைக் கொண்டு ஒரு காட்டை மதிப்பிட முடியாது.

பழைய கணக்கெடுப்பாளர்கள் கழுத்து வலிக்கு அஞ்சித் தரையைப் பார்த்தே தொகை எழுதிவந்தார்கள். அதைத் தடுக்கத்தான் பதினோரு ஆண்டுகளுக்கு முன் களக் கைநூலைத் திருத்தியபோது ஒரு வரி சேர்த்தேன்: “கீழே கிடப்பவை கணக்கில் சேரா.” அதன் பிறகுதான் எங்கள் எண்களுக்கு மதிப்பு வந்தது.

அறிக்கையில் இருபதாம் தேதி கையொப்பமிட்டேன். “நல்ல ஆண்டு.” அது இப்போது அரசாணை.

அரைக்காதிக்குத் தயவுசெய்து எதையும் வைக்காதே. உன் மனம் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். ஆள் கையில் தின்று பழகிய கரடி அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை. முதுகெலும்பு தெரிவது குட்டிகளுக்குப் பால் கொடுப்பதாலும் இருக்கலாம்.

அண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள். நீ சொன்னாய் என்றதும் உடனே செய்கிறாள். நான் ஆறு மாதமாகச் சொல்லி வந்தது வேறு ஏதோ ஒத்தடம் போலும்.

உன் அண்ணன்

*

அக்டோபர் 9

அன்பு அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நான் எதுவும் வைக்கவில்லை. அவளே வந்துவிட்டாள்.

முதல் தடவை செப்டம்பர் 29. ரொட்டிக்கடையின் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, கருகிய ரொட்டியைக் குட்டிகளுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை எங்களிடமே, அக்டோபர் 6, காலை ஆறரை. பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் முன்னால் துணி பிரித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், சட்டைகளுக்குக் கஞ்சி போடும் மாவு மூட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாள். மூஞ்சி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள், அவசரமே இல்லாமல். ஹாரன்காரர், “கஞ்சி போட்டாச்சு, இனி இஸ்திரிதான் பாக்கி” என்று கத்தினார். நானும் சிரித்தேன், அண்ணா. சாயந்திரம் இவர், கரடி ஊருக்குள் வந்தால் குறிக்கும் பதிவேட்டைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

“எழுதாதீங்க” என்றேன்.

“தெருவே பாத்துருக்கு.”

“தெரு உங்க பதிவேட்டைப் படிக்குதா?”

“மச்சான் தங்கச்சியைக் கட்டிக்கிட்டு நான் பதிவேட்டுல பொய் எழுதவா?” என்றார். சிரித்துக்கொண்டே சொல்லத்தான் பார்த்தார். முடியவில்லை. எழுதிவிட்டார். இரண்டு.

பிறகு அவர்தான் விதியை எனக்கு விளக்கினார். பொய்த்த ஆண்டில் வீடுகளுக்குள் வரும் கரடி பசியால் வந்தது. அதைக் குட்டிகளோடு கூண்டில் பிடித்து, தீவனம் வைக்கும் உள்காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். நல்ல ஆண்டில் வந்தால் அது கெட்ட பழக்கம். மூன்றாம் முறை சுட வேண்டும். சுட வேண்டியது எங்கள் பகுதிக் காவலர். அதாவது இவர்.

“அப்ப இது நல்ல வருஷமா, கெட்ட வருஷமான்னு யாரு சொல்றது?” என்று கேட்டேன். உங்கள் கடிதம் மேசை மேல் இருந்தது.

இத்துடன் பத்துக் கொட்டைகள் அனுப்பியிருக்கிறேன். இவை தரையில் பொறுக்கியவை அல்ல. சலவையகத்துக்குப் பின்னால் இருக்கும் மரத்தில் ஏணி போட்டு நானே பறித்தவை. வெட்டிப் பாருங்கள்.

அன்புத் தங்கை

*

அக்டோபர் 16

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லாவிட்டாலும் விசாரிக்கிறேன்.

பத்தையும் அலுவலக மேசையில் செய்தித்தாள் விரித்து வெட்டினேன். ஒன்பது சொத்தை. பத்தாவது பாதி.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபத்தொன்றாம் மரத்தடியில் கொட்டைகள் அப்பளம்போல நொறுங்கின என்று ரசித்து எழுதினேன் அல்லவா? பருப்புள்ள கொட்டை காலடியில் நொறுங்காது; மண்ணுக்குள் அழுந்தும். இதை இருபத்தாறு ஆண்டுகளாக அறிவேன். என் காலுக்குத் தெரிந்தது. கைநூலில் காலுக்கு இடமில்லை என்பதால் நான் அதைக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை சொன்ன விதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு ஊருக்குள் மூன்று முறை வந்த கரடியை எந்த ஆண்டிலும் சுடலாம் என்றிருந்தது. பசித்து வருவதையும் பழகி வருவதையும் பிரிக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் வாதாடி அந்தப் பிரிவை வாங்கியவன் நான்தான். அது கரடிகளைக் காக்கும் விதி என்று இன்றுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று திருத்த மனு கொடுத்துவிட்டேன். செப்டம்பர் 30க்குப் பிறகு வரும் மனுவைக் குழுதான் பார்க்க வேண்டும்; குழு கூடுவது ஜனவரியில். முன்னதாகக் கூட்டும்படி இயக்குநரிடம் நேரில் கேட்கப்போகிறேன். 28ஆம் தேதிதான் நேரம் கிடைத்தது.

அதுவரை அவள் மூன்றாம் முறை வராமல் இருக்க வேண்டும். மாவு மூட்டையை உள்ளே பூட்டி வை. தெருவில் ஒருவர் விடாமல் குப்பைத் தொட்டியை வீட்டுக்குள் எடுக்கச் சொல். ரொட்டிக்கடைக்காரர் கருகியதை அடுப்பிலேயே எரிக்கட்டும். பின்கதவை எக்காரணம் கொண்டும் திறந்து வைக்காதே.

பதிவேட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது. சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் கண் மங்கலாக இருப்பதாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தாய். இப்போது எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்

*

அக்டோபர் 24

அன்பு அண்ணாவுக்கு,

இங்கே நலம். அவர் கண்ணைப் பற்றி நான் எப்போதும் எழுதியதில்லையே. நன்றாகத்தான் தெரிகிறது. உங்கள் கேள்வியை அவரிடமும் வாசித்தேன். “மச்சானா இப்படிக் கேட்டாரு?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

தெருவில் எல்லோரும் தொட்டிகளை உள்ளே எடுத்துவிட்டார்கள். வீடு வீடாக நான்தான் போய்ச் சொன்னேன். ஹாரன்காரர் தன்னுடையதைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருக்கிறார். “பொண்டாட்டி ஒரு பக்கம், குப்பைத் தொட்டி ஒரு பக்கம். எதுல வாசனை வருதுன்னு கேக்காதே” என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, “தொட்டியாவது மூடி போட்டு வாய மூடிக்குது” என்றாள். தெருவே கரடிக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது.

ஆனால் அவள் போகவில்லை. பகலெல்லாம் எங்கள் பின்பக்க மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். கொட்டையைக் கடிக்கிறாள், துப்புகிறாள். அடுத்ததைக் கடிக்கிறாள். குட்டிகள் அவள் துப்பியதை எடுத்து முகர்ந்து பார்க்கின்றன. துணி காயப்போடும்போது அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இவர் தகரத்தைத் தட்டி விரட்டுகிறார். கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறாள். இவரை அவளுக்குத் தெரியும், அண்ணா. விரட்டுவதை விளையாட்டு என்று நினைக்கிறாள்.

இயக்குநரை அதற்கு முன்னால் பார்க்க முடியாதா?

தங்கை

*

நவம்பர் 1

அன்புள்ள தங்கைக்கு,

உன் உடல்நலத்தைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைச் சாப்பிட வை.

இயக்குநர் என்னை மரியாதையாக உட்காரவைத்தார். குழுவை முன்னதாகக் கூட்ட வழியில்லை என்றார். நடந்ததை மாற்றாமல் எழுதுகிறேன்.

“நீங்க எண்ணினதுல தப்பு இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லை. எண்ணியது சரி. எண்ணியவை சொத்தை.”

“விதிப்படி எண்ணினீங்களா?”

“ஆம்.”

“தப்பா எண்ணியிருந்தா இன்னிக்கே திருத்திடலாம் சார். என் அதிகாரத்துலயே இருக்கு. சரியா எண்ணினதை எப்படித் திருத்துறது?”

கைநூலைப் புரட்டினார். உதிர்ந்த கொட்டைகளைச் சோதித்தால் தெரிந்திருக்குமே என்றார். தெரிந்திருக்கும் என்றேன். “கீழே கிடப்பவை கணக்கில் சேரா,” என்று வாசித்துவிட்டு, “யாரு எழுதினது?” என்றார். நான் என்றேன். “தெளிவான வரி” என்றார். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தவறாக எண்ணிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். வாயில் வந்தது. ஆனால் பதிவாளர் அருகில் நின்று ஒவ்வோர் எண்ணையும் குறித்திருக்கிறார். அது பொய்யாக எழுதியதாகி, அவர் வேலை போகும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னால் அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை. பேனா மூடியைக் கழற்றி எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. நான் நேரம் பார்க்காத சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மேல்முகாமுக்குப் போனேன், ஒரு வாளியோடு. நூறு மரத்தடியிலும் மரத்துக்கு இருபது வீதம் பொறுக்கி ஓடைநீரில் போட்டேன். இரண்டாயிரத்தில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று மிதந்தன. அதற்குப் படிவம் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக முத்திரை போட்டுத் தந்தார்கள். முத்திரை மட்டும்தான்.

அடுத்த வாரம் அமைச்சகத்துக்குப் போகிறேன். இன்னும் ஒரு வாரம் அவளைத் தடுத்து நிறுத்துங்கள்.

உன் அண்ணன்

*

நவம்பர் 4

அண்ணா,

நலமா என்று கேட்க நேரமில்லை, மன்னியுங்கள்.

இன்று காலை எட்டு மணிக்கு ரொட்டிக்கடையின் சமையலறைக்குள் போய்விட்டாள். தொட்டிகள் எல்லாம் உள்ளே இருந்ததால் அவளும் உள்ளே வந்தாள். யாருக்கும் காயமில்லை. கடைக்காரர் மேசை மேல் ஏறி நின்று, “போ தாயி, போயிடு தாயி” என்று கெஞ்சியிருக்கிறார். அவரே பிறகு இங்கே வந்து, “நான் சொல்லல, நான் யார்கிட்டயும் சொல்லல” என்று அழுதார். கடையில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

மதியம் வன நிலைய அதிகாரி வந்து ஒரு தாளை எங்கள் மேசை மேல் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அதில் இரண்டு வரிதான். முதல் வரியில் உங்கள் அறிக்கையின் எண்ணும் தேதியும்.

இவர் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தங்கை

*

டிசம்பர் 6

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இது நவம்பர் 4க்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் வந்து சேர்ந்தன என்று அஞ்சலகத்தில் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

நவம்பர் 7 அன்று நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். “சொல்லுங்க மச்சான்” என்றார். அமைச்சகத்தில் யார் யாரைப் பார்த்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். எதையும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உன்னைக் கூப்பிடச் சொன்னேன். “அவ துணி காயப்போட்டுட்டிருக்கா மச்சான்” என்றார். அன்று உங்கள் பகுதியில் நாள் முழுவதும் மழை என்று மறுநாள் செய்தித்தாளில் இருந்தது.

குட்டிகள் எங்கே இருக்கின்றன? தாயை இழந்த, அந்த வயதுக் குட்டிகளைக் காட்டிலேயே விட வேண்டும் என்பது விதி. விதி எனக்குத் தெரியும். எங்கே இருக்கின்றன என்று கேட்கிறேன்.

அண்ணி தினமும் அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். திட்டுவதாக இருந்தாலும் எழுது. ஒரு வரி போதும்.

உன் அண்ணன்

*

டிசம்பர் 21

அன்பு அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறோம். உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. வருத்தப்படாதீர்கள் என்று எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். நான்கையும் கிழித்தேன். வருத்தப்படுங்கள், அண்ணா. ஆனால் மாத்திரையை விடாதீர்கள்.

மாவட்டத்திலிருந்து வேறு ஆளை அனுப்பட்டுமா என்று நிலைய அதிகாரி அவரைக் கேட்டார். போன வருடம் வந்த அந்த ஆள் காயம்பட்ட ஒரு மானுக்கு மூன்று குண்டு செலவழித்தவர். “வேணாம்” என்றார் இவர். “நான் போனா ஓட மாட்டா.”

அவ்வளவுதான் எழுத முடியும்.

கோட்டை நவம்பர் 5 அன்று துவைத்தேன். 6 அன்று மறுபடியும் கொண்டுவந்து தொட்டியில் போட்டார். அதில் ஒரு கறையும் இல்லை. 7 அன்றும் போட்டார். எதுவும் சொல்லாமல் துவைத்துக்கொண்டிருக்கிறேன். பைகள் காலியாக இருக்கின்றன. அவர் இப்போது எதையும் பொறுக்குவதில்லை.

அவர் நிரப்பிக் கொடுத்த படிவத்திலிருந்து ஒன்றை மட்டும் உங்களுக்கு எழுதச் சொன்னார். எடை அறுபத்து மூன்று கிலோ. போன வருடம் நவம்பரில் காது அடையாளம் போட்டபோது நூற்றுப் பதினெட்டு. “மச்சான் ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாரு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உங்கள் மனுவுக்கு உதவும் என்று நினைக்கிறார்.

பனி பெய்ய ஆரம்பித்துவிட்டது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை

*

ஜனவரி 19

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். நலம் என்று எழுதியிருந்தாய், நம்புகிறேன்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மனுவோடு இணைத்தேன்.

குழு நேற்று கூடியது. பதினைந்து நிமிடங்களில் ஏற்றுக்கொண்டது. ஒருவரும் மறுக்கவில்லை. சென்ற ஆண்டு “பொய்த்த ஆண்டு” என்று திருத்தி அறிவிக்கப்பட்டிருக்கிறது, செப்டம்பர் 20 முதல் செல்லுபடியாகும்படி. எனவே, பதிவேட்டின்படி நவம்பர் 4 அன்று அவள் பசியால்தான் வந்தாள். அவளைக் குட்டிகளோடு பிடித்து உள்காட்டில் விட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் அந்த ஆணை என்னவாகும் என்று கேட்டேன். எழுத்தர் கோப்பில் எழுதியதை அப்படியே தருகிறேன்: “நிறைவேற்றப்பட்ட ஆணை ஆதலால் ரத்து செய்ய ஏதுமில்லை.” அவர் நடை நன்றாகவே இருக்கிறது. என்னிடம் பயின்றவர்.

கைநூலின் அந்த வரியை நீக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கைநூல் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் திருத்தப்படும். இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை அதே விதிப்படி, அதே நூறு மரங்களை, நான்தான் எண்ண வேண்டும். விலக்குக் கேட்டேன். என்னைவிடச் சரியாக எண்ணுபவர் இல்லை என்றார்கள்.

குட்டிகளைப் பற்றி நீ எழுதவில்லை.

மாப்பிள்ளையிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

உன் அண்ணன்

*

செப்டம்பர் 12

அன்பு அண்ணாவுக்கு,

நலம். அண்ணி நடைப்பயிற்சிக்குப் போகிறார் என்று கேட்டு மகிழ்ச்சி. இந்நேரம் மேல்முகாமிலிருந்து திரும்பியிருப்பீர்கள்; கழுத்து எப்படி இருக்கிறது?

குட்டிகளைப் பற்றி ஐந்து கடிதங்களில் கேட்டுவிட்டீர்கள். பனி உருகியபோது இவர்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இனிக் கேட்காதீர்கள்.

இரண்டு வாரமாகப் பின்பக்க மரம் உதிர்கிறது. சலவையகத்தின் தகரக் கூரையில் காலை முதல் விழுந்துகொண்டே இருக்கிறது. பேச்சே கேட்பதில்லை. ஹாரன்காரரே, “கொஞ்சம் சத்தமாப் பேசும்மா” என்கிறார். முற்றத்தில் மண்டிக் கிடக்கின்றன. நான்கைந்து அணில்கள் வருகின்றன. அவற்றால் எவ்வளவு முடியும்?

நேற்று இவர் கோட்டைத் தொட்டியில் போட்டேன். பையைத் தட்டிப் பார்க்கவில்லை. பத்து மாதமாகக் காலியாகத்தானே இருக்கிறது. எதுவும் மேலே வரவில்லை. தண்ணீரை வடித்த பிறகுதான் பார்த்தேன். தொட்டியின் அடியில் பதினேழு கொட்டைகள் கிடந்தன.

எல்லாமே மூழ்கியிருந்தன, அண்ணா.

இவர் வந்து தொட்டிக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மச்சானுக்கு எழுதிடு” என்றார்.

தங்கை